மூண்டு நாளைக்கு வெளிக்கிடாதேங்கோ

பக்கிரிசாமிக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று உண்டா என்பதே பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பலருக்குச் சந்தேகம். காலையில் பைப்படியில் அவன் வாய் கொப்பளித்தால் மண்டோர் கன்னையா கொப்பளிக்கிற மாதிரியே இருக்கும். கன்னையா தண்டவாள வேலைக்காரர்களை மேய்க்கிறவர். தொண்டைக்குள் தவளை ஒன்று குடியிருப்பது போலப் பேசுவார். நிஜக் கன்னையா வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்க, வெளியே அவர் குரல், "எவன்டா அது இன்னும் கெளம்பாம நிக்கிறவன்?" என்று கேட்கும். பாதி ஆட்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான், எதிர் வரிசையில் பக்கிரிசாமி வேட்டியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவது தெரியும்.

இருபத்திரண்டு வயது. எஞ்சின் கொட்டகையில் எஞ்சின் துடைக்கிற வேலை. ஒரு நாள் கையைக் குவித்துப் பன்னிரண்டு மணிச் சங்கை அவனே கால் மணி முன்னதாக ஊதிவிட்டான். நாற்பது பேர் சோத்துச் சட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். தொரை வந்து காதைப் பிடித்துத் திருகினார். காதைத் திருகியபடியே அவர் திட்டிய திட்டு முழுவதையும், "யூ பிளடி குரங்கு, லெக்காஸ், லெக்காஸ்!" என்று மலாயில் விரட்டியது வரைக்கும், அன்று சாயங்காலமே லயம் பக்கிரிசாமி வாயால் கேட்டது. தொரையைவிடத் தொரையாக இருந்தது என்று சொன்னார்கள்.

அவன் சாப்பிட்டதெல்லாம் நல்லம்மாள் வீட்டில். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள். நல்லம்மாளும் அவள் புருஷன் தம்புசாமியும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். இவன் ஒண்டிக்கட்டை. கடல் தாண்டிக் கிள்ளான் துறையில் இறங்கியதும், கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து ஒரு வாரம் அடைத்துவைத்த முகாமில், ஊரை நினைத்து நல்லம்மாள் ஓயாமல் அழுதாள். யார் சொல்லியும் நிற்கவில்லை. இவன் கப்பல் சமையல்காரன் குரலில், "அளுவுற ஆளுக்கெல்லாம் கஞ்சி கெடையாது, அடுத்த ஆளு!" என்று ஒரு அதட்டல் போட்டான். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றையிலிருந்து அவன் அவளுக்குத் தம்பி, தம்புசாமிக்கு மச்சான். அந்த வீட்டில் தின்ற சோற்றுக்கு அவன் கொடுத்த பொருள் சிரிப்பு ஒன்றுதான். அவர்களும் வேறு எதுவும் கேட்டதில்லை.

1918 ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை இன்புளுயன்சா என்றார்கள். லயத்தில் அது விஷக்காய்ச்சல் ஆயிற்று. ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பாலுக்கு மரம் வெட்ட ஆளே எழுந்திருக்கவில்லை என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். பாசார்க் கடைத்தெருவில் கூட்டம் குறைந்தது. நேற்றுப் பேசிக்கொண்டிருந்தவனை இன்றைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லயத்துக்கு டிரஸர் வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கொடுக்கிறவர். அம்பலவாணர் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதம். பைப்படியில் கிடந்த பழைய தண்டவாளக் கட்டைமேல் ஏறி நின்று, காகிதத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார். அவர் தமிழில்.

"எல்லாரும் கவனமாக் கேளுங்கோ. இது லேசுப்பட்ட வருத்தமில்லை. கூட்டமா நிண்டு கதைக்க வேண்டாம். தும்மலோ இருமலோ வந்தால் லேஞ்சியாலை வாயைப் பொத்துங்கோ. கண்ட இடத்திலை துப்பாதேங்கோ. யன்னலைத் திறந்து விடுங்கோ, காத்து வரட்டும். உப்புத் தண்ணியாலை காலமையும் பின்னேரமும் கொப்புளியுங்கோ."

இது வரைக்கும் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கிரிசாமி பின்வரிசையில் நின்று, உதட்டை அசைக்காமல் ஒவ்வொரு சொல்லையும் நாக்குக்கு அடியில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தான்.

"இனித்தான் முக்கியம். காய்ச்சல் விட்டுட்டுது, சுகமாப் போச்சு எண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது. பேந்துதான் நெஞ்சிலை சளி பிடிக்கும். ஆளைக் கொல்லுறது அதுதான். ஆனபடியால், காய்ச்சல் விட்டு மூண்டு நாளைக்கு வெளிக்கிடாதேங்கோ. மூண்டு நாளைக்குத் தோயாதேங்கோ. விளங்கிச்சோ?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, முந்தானைக்குள் அமுங்கியது. ஆண்கள் பக்கத்தில் அது அமுங்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வெளிக்குப் போவது என்றால் காலையில் சொம்பு எடுத்துக்கொண்டு போகிற காரியம். தோய்ப்பது என்றால் துணி தோய்ப்பது. படித்த மனுஷர் கட்டைமேல் ஏறி நின்றுகொண்டு இதையா சொல்கிறார்?

டிரஸர் சிரித்த முகங்களைப் பார்த்தார். தானும் சிரித்தார். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த லயத்துக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் பக்கிரிசாமி அதே கட்டைமேல் ஏறினான். கூட்டம் கூடக் கூடாது என்று காலையில் கேட்டவர்களே கூடினார்கள். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளினான். இல்லாத காகிதத்தை எட்டிப் பிடித்தான்.

"எல்லாரும் கவனமாக் கேளுங்கோ! மூண்டு நாளைக்கு ஒருத்தரும் வெளிக்கிப் போகாதேங்கோ!" என்று நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தான். "தப்பித் தவறிப் போனாலும், மூண்டு நாளைக்கு வேட்டியத் தோய்க்காதேங்கோ! விளங்கிச்சோ?"

கன்னையாவே தொடையில் தட்டிச் சிரித்தார். இரண்டு நாளில் அது செந்தூல் வரைக்கும் போய்விட்டது. சடக்கு ரோட்டில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால், "என்னா அண்ணே, இன்னிக்கு எத்தினியாவது நாளு?" என்று கேட்பது வழக்கமாயிற்று.

பக்கிரிசாமிக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது. ஸ்டேஷன் கணக்கெழுதுகிற யாழ்ப்பாணத்துக் கிராணிமாரால் நிறைந்த இடம். "கிள்ளான் ரயில் வெளிக்கிட்டுட்டுதோ?" என்று அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்பதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான், ஆயிரம் தடவை சொல்லியும் காட்டியிருக்கிறான். தண்டவாளத்தில் வேலை செய்கிற மற்றவர்களுக்குக் கிராணிமாரோடு என்ன பேச்சு? அவன் காதுக்கு அது தப்பாது. தோய்வது மட்டும் அவனுக்கும் துணிதான். ஆனாலும் டிரஸர் சொன்னதில் பாதி அவனுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. விளங்கியதைச் சொன்னால் வேடிக்கை போய்விடும். அதனால் சொல்லவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் தம்புசாமி படுத்தான். தூக்கி நிறுத்தின ஸ்லீப்பர் கட்டை மாதிரி இருக்கிற ஆள். நாலு நாள் பாயோடு பாயாகக் கிடந்தான். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. அதே வரிசையில் அதற்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள். நல்லம்மாள் கஞ்சியை ஊற்றுவதும் அவன் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். தீபாவளிக்கு முதல் நாள் காலையில் குப்பென்று வியர்த்துக் காய்ச்சல் விட்டது. உச்சிப்பொழுதுக்குத் தம்புசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "பசிக்குது புள்ள" என்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கிரிசாமி உள்ளே வந்தான்.

"வாடா பக்கிரி, நல்ல நேரத்துலதான் வந்தே" என்றாள் நல்லம்மாள். "நாளைக்குத் தீவாளி. எண்ண தேச்சி இவருக்குத் தலைக்கு ஊத்திடலாம்னு இருக்கேன். காய்ச்சல் விட்டா தலைக்கு ஊத்தறதுதானே. ஆனா அந்த டிரஸரு, விட்டதுக்கப்புறம் மூணு நாளைக்கு என்னமோ செய்யக் கூடாதுன்னாரே. நான் அன்னிக்குப் பின்னால நின்னேன், ஒண்ணும் காதுல விழல. ஒரே சிரிப்பு. சாயங்காலம் நீ செஞ்சப்ப நான் அடுப்படில கெடந்தேன். வெளையாடாம சொல்லு. என்னா சொன்னாரு?"

விளையாடாமல் என்றுதான் கேட்டாள். "வெளிய கெளம்பக் கூடாதுன்னாருக்கா" என்பது அவன் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது.

"மச்சான்," என்றான் தம்புசாமி. நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவன் பல் தெரிந்தது. "ஊரே கேட்டாச்சு. அன்னிக்கு வேலைல மாட்டிக்கிட்டு நான்தான் கேக்கல. டிரஸர் மாதிரியே சொல்லுடா."

அவ்வளவுதான். பக்கிரிசாமியின் விரல் தானாக மூக்குக்குப் போய்க் கண்ணாடியைத் தள்ளியது. முழுவதையும் சொன்னான். லேஞ்சி, யன்னல், உப்புத் தண்ணி எல்லாம் வந்தது. வெளிக்கும் வேட்டிக்கும் வந்தபோது நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பார்க்க வேண்டிய பார்வையைப் பார்த்தான். அதற்கு முன்னும் பின்னும் அவன் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. தம்புசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்தான். நல்லம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அட போடா! இதுக்குத்தானா அன்னிக்கு அந்தச் சிரிப்பு? நான் என்னமோ ஏதோன்னு பயந்து கெடந்தேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து போய் மறுநாளைக்கான நல்லெண்ணெயைக் காய்ச்ச வைத்தாள். மிளகும் இஞ்சியும் எண்ணெயில் பொரிகிற வாசனை வந்தது.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று பக்கிரிசாமிக்குத் தோன்றியது. தோன்றாமல் இல்லை. ஆனால் இரண்டு பேரும் இன்னும் விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு நாளாகச் செத்துக்கிடந்த வீட்டில் தான் கொண்டுவந்த சிரிப்பு. அதன்மேல் தானே எப்படித் தண்ணீரை ஊற்றுவது? கொஞ்சம் அடங்கட்டும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சாயங்காலம் கொட்டகையில் ஆள் குறைவு என்று பிடித்துவைத்துக்கொண்டார்கள். மறுநாள் அவன் எழுந்து வருவதற்குள் தம்புசாமி பைப்படியில் குளித்து முடித்து, புது வேட்டியில் நின்றான். வெந்நீர் பத்தவில்லை, பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர்தான் என்று நல்லம்மாள் சிரித்தாள். செந்தூலில் அவளுடைய சித்தப்பா மகள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"போயிட்டு வரோம் பக்கிரி. அதிரசம் தட்டுல இருக்கு, எடுத்துக்க."

அவன் அதிரசத்தை எடுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் டிரஸர் வந்து தம்புசாமியின் நெஞ்சில் குழாயை வைத்தபோது, மூச்சு விடுகிற சத்தம் குழாய் இல்லாமலே வாசல் வரைக்கும் கேட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கிரிசாமி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றான்.

"எப்ப காய்ச்சல் விட்டது?" என்றார் டிரஸர்.

"தீவாளிக்கு மொத நாளு, ஐயா."

"பேந்து?"

நல்லம்மாள் விழித்தாள். "பிறகு, பிறகு என்ன செய்தவர்?" என்று திருப்பிக் கேட்டார்.

"எண்ண தேச்சிக் குளிச்சாரு ஐயா. செந்தூலுக்குப் போயிட்டு வந்தோம். அன்னிக்குச் சாயங்காலமே நடுக்கம் கண்டுடுச்சி."

டிரஸருக்குக் கோபம் வந்தது. "நான் அந்தக் கட்டையிலை நிண்டு தலை தலையா அடிச்சுச் சொன்னனான்தானே அம்மா? மூண்டு நாளைக்கு வெளிக்கிட வேண்டாம், தோய வேண்டாம் எண்டு?"

"தோய்க்கலைங்க ஐயா!" என்று நல்லம்மாள் பதறிக் கையைக் கூப்பினாள். "சத்தியமா ஒரு துணியும் தோய்க்கல. அழுக்கெல்லாம் அந்தா மூலைலதான் கெடக்கு, பாருங்க. அவுரு வேட்டிய நான் தொடவேயில்ல." பிறகு குரல் இறங்கிற்று. தலையைக் குனிந்துகொண்டாள். "வெளிக்கு மட்டும்... அது எப்பிடிங்க ஐயா மூணு நாளைக்கு அடக்க முடியும்? ஒரு தடவ போயிட்டாரு. அது என் தப்புதான். நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கிரிசாமிக்குக் குடம் கையில் கனத்தது. இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

டிரஸர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் குவிந்திருந்த அழுக்குத் துணியைப் பார்த்தார். விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பக்கத்திலிருந்த தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"தோயிறது எண்டால் குளிக்கிறது, அம்மா" என்றார் மெல்ல. "தலையிலை வாக்கிறது. வெளிக்கிடுறது எண்டால் வீட்டை விட்டுப் போறது. நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது." கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. "பிழை என்ரைதான். உங்கட பாஷை உங்கட பாஷை எண்டு நினையாமல் என்ரை பாஷையிலை கதைச்சிட்டன். எத்தினை லயத்திலை இதையே சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்! எல்லா இடத்திலையும் சனம் சிரிச்சது. சந்தோசமாக் கேக்கினம் எண்டல்லோ நினைச்சன்."

"உங்க மேல என்னாங்க ஐயா தப்பு" என்று நல்லம்மாள் அழுதாள். "நாங்க படிக்காத சனம்."

ஒருவர் தன் பிழை என்கிறார். இன்னொருத்தி தன் தப்பு என்கிறாள். நடுவில் தப்புக்குச் சொந்தக்காரன் குடத்தோடு நின்றான்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் வந்தது. டிரஸர் எழுந்து வெளியே வரும்போது அவன் முன்னால் நின்றார். "நீர்தானே பக்கிரிசாமி? நீர் என்ரை குரலிலை கதைக்கிறதை நான் பாசாரிலை தூர நிண்டு கேட்டனான். சொல் ஒண்டும் காதிலை விழேல்லை, சத்தம் மட்டும்தான். நல்லாச் செய்யிறீர். என்ரை மனிசிக்கும் சொல்லிச் சிரிச்சனான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உமக்கு ரெண்டு தமிழும் வாயிலை வரும். ஞாயிற்றுக்கிழமை என்னோடை வாரும். நான் சொல்லுறதை நீர் உங்கட ஆக்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும். செய்வீரோ?"

"செய்றேங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வரும் வரைக்கும் அவன் நல்லம்மாள் வீட்டுப் பக்கம் போகவில்லை. கொட்டகையில் கிடைத்ததைத் தின்றான். யாரோ ஒருவன் புதிதாகச் சொல்வது போல அவனிடமே வந்து, "அண்ணே, இதக் கேட்டீங்களா? டிரஸரு என்னா சொன்னாராம் தெரியுமா?" என்று தொடங்கினான். முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றான் பக்கிரிசாமி. அவன் சரியாகச் செய்யவில்லை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை என்றுகூட மனசுக்குள் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை நினைத்து அவனுக்கே உடம்பு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை டிரஸர் கட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவனை ஏறச் சொன்னார். ஒருத்தருக்கொருத்தர் தள்ளி நிற்கச் சொல்லியிருந்ததால் கூட்டம் பைப்படியிலிருந்து கக்கூஸ் வரைக்கும் பரந்து நின்றது.

"எல்லாரும் கேளுங்க," என்றான்.

சிரிப்பு கிளம்பியது. அவன் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

"சிரிக்காதீங்க. காய்ச்சல் விட்டவங்க..."

"கண்ணாடி எங்கடா? கண்ணாடியப் போடு!" என்று ஒரு குரல். "ஐயாவ பக்கத்துலயே வச்சிக்கிட்டுச் செய்றான் பாரு, நெஞ்சழுத்தம்!" என்று இன்னொன்று. "வெளிக்குப் போலாமா கூடாதா, அத மொதல்ல சொல்லுலா!" என்று மூன்றாவது. டிரஸர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது. இப்போது அவருக்கு எல்லாம் விளங்குகிறது என்பது பக்கிரிசாமிக்குத் தெரிந்தது.

மூன்று தடவை தொடங்கினான். மூன்று தடவையும் சிரித்தார்கள். அவன் முகத்தை எவ்வளவுக்கு இறுக்கினானோ அவ்வளவுக்கு அது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

நாலாவது தடவை, "தம்புசாமி ஆஸ்பத்திரியில கெடக்குறது என்னாலதான்" என்றான்.

சிரிப்பு பாதியில் தடுமாறியது. "இது யாரு கொரலு?" என்று ஒருத்தன் பக்கத்திலிருந்தவனைக் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. மெலிந்த குரல். உடைந்து உடைந்து வந்தது. அது எந்த மண்டோருடையதும் இல்லை, எந்தத் தொரையுடையதும் இல்லை.

"டிரஸரய்யா சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும். வெளிக்கிடறதுன்னா கெளம்பறது. காய்ச்சல் விட்டு மூணு நாளு வீட்டவிட்டுக் கெளம்பக் கூடாதுன்னாரு. அந்த அக்கா எங்கிட்ட வெளையாடாம சொல்லுடான்னு கேட்டுச்சி. தெரிஞ்சிக்கிட்டே நான் வெளையாடினேன். தோயறதுன்னா தலைக்கு ஊத்திக்கிறது. அது எனக்குத் தெரியாது. தெரியாததக் கேட்டிருக்கலாம், கேக்கல. மச்சான் குளிச்சிச்சி, கெளம்பிப் போச்சி. இப்ப மூச்சு விட முடியாம கெடக்கு."

சொல்லி முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோய்விட்டுத் திரும்பிய நல்லம்மாள், வெறும் தூக்குச் சட்டியோடு கூட்டத்தின் பின்னால் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. அவள் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சன்னலை மட்டும் டிரஸர் சொல்லியிருந்தபடி திறந்தே வைத்திருந்தாள்.

டிரஸருக்கும் அது புதுச் செய்திதான். அவனைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று பக்கிரிசாமி எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "பேந்து..." என்று தொடங்கியவர் நிறுத்தி, அந்தச் சொல்லை விழுங்கி, "அப்புறம்" என்றார். "அப்புறம், மிச்சத்தையும் சொல்லும்."

மிச்சத்தையும் சொன்னான். சன்னல், உப்புத் தண்ணி, எச்சில், இருமினால் வாயைத் துணியால் பொத்துவது. காய்ச்சல் விட்ட பிறகு மூன்று நாள் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது, வேலைக்கு வா என்று மண்டோர் கூப்பிட்டாலும் போகக் கூடாது. கன்னையா குறுக்கே பேசவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் காய்ச்சல் விட்ட பதினோரு பேர் மூன்று நாள் பாயில் கிடந்ததாகக் கன்னையா பின்னால் கணக்குச் சொன்னார்.

இதற்குப் பிறகும் பல வருஷம், லயத்தில் அம்மை என்றாலும் பேதி என்றாலும் சுகாதாரக்காரர்கள் முதலில் பக்கிரிசாமிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். சொல்லி முடித்ததும் கீழே இறங்கி, முன்வரிசையில் நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, "நான் என்னாம்மா சொன்னேன்? திருப்பிச் சொல்லு" என்று கேட்பான். சொல்லாமல் விடமாட்டான். எரிச்சல் பிடித்த ஆள் என்று பின்னால் வந்த சனங்கள் அவனைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு காலத்தில் சங்கு ஊதி நாற்பது பேரை ஏமாற்றியவன் என்றால் அவர்கள் நம்பமாட்டார்கள். அதெல்லாம் பின்னால்.

தம்புசாமி பிழைத்தான். மார்கழி பிறந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டை தூக்குகிற தோள் சட்டைக்குள் தொங்கியது. இரண்டு அடி நடந்தால் உட்கார வேண்டும். இனிமேல் தண்டவாள வேலைக்கு ஆக மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள்.

வந்த மறுநாள் மத்தியானம் பக்கிரிசாமி வாசலில் போய் நின்றான். ஒரு மாசத்துக்கு மேலாக நல்லம்மாள் அவனோடு பேசவில்லை. பைப்படியில் அவன் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இப்போது வாசலில் வந்து, நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சிரிச்சா இருமல் வருது அவருக்கு. இருமுனா நெஞ்சப் புடிச்சிக்குது. டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள். தம்பி என்றோ டேய் என்றோ சொல்லவில்லை. "பாக்கணும்னா உள்ள வா. வாயத் தொறக்கக் கூடாது."

தலையசைத்தான். கையை எடுத்து வழிவிட்டாள்.

தம்புசாமி சன்னலுக்கு நேராக, தலைமாட்டில் இரண்டு சாக்கு வைத்துச் சாய்ந்திருந்தான். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பழைய பழக்கம். பிறகு ஏதோ ஞாபகம் வந்தது போல அந்த மலர்ச்சி நின்றுவிட்டது.

"மச்சான்," என்றான். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கியது. "என்னென்னமோ சொல்றாங்க. ஒனக்கு... அப்பவே தெரியும்னு. ஆமாவா?"

பக்கிரிசாமி தலையை ஆட்டினான்.

தம்புசாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபத்தைவிட, கணக்குப் புரியாத குழப்பமே அந்தப் பார்வையில் இருந்தது. "அப்பறம் ஏன்டா?"

பக்கிரிசாமி நல்லம்மாளைப் பார்த்தான். வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் சொன்னது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதே அவனுக்குப் போதுமான வெட்கமாக இருந்தது.

நல்லம்மாள் விடவில்லை. "இதுக்கு மட்டும் வாயத் தொற" என்றாள். "அவுரு கேக்குறாருல்ல? சொல்லு."

"நீங்க சிரிப்பீங்கன்னுதான் அக்கா" என்றான்.

தம்புசாமி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்லம்மாள் அணைந்துபோன அடுப்பை ஊதப் போனாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கஞ்சி கொதிக்கத் தொடங்கிய பிறகும் பக்கிரிசாமி நின்றுகொண்டேயிருந்தான்.